பழைய ஓவியத்தை நகலெடுத்தே எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்க முடியுமா?

பாதி முடியும். நான் எடுத்துக்கொண்டது டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்', 1665 வாக்கில் வரைந்தது, நெதர்லாந்தின் ஹேக் நகரில் மௌரிட்ஸ்ஹாயிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசலே 44.5 × 39 செ.மீ. தான், அதனால் நானும் அதே அளவு கேன்வாஸ் எடுத்தேன். படத்தை அவர்கள் தளத்திலேயே பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம். போஸ்டரைப் பார்த்து வரையாதீர்கள், நிறத்தை நம்ப முடியாது.

முதலில் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து வெளிச்சமும் நிழலும் மட்டும் போட்டேன், ஒரே நாளில் முடிந்தது. அப்புறம் மூக்கில் மாட்டிக்கொண்டேன். மூன்று முறை துடைத்து வரைந்தும் அந்தப் பெண் கொலு பொம்மை மாதிரியே வந்தாள். கடைசியில் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், மூக்குத்தண்டுக்கும் வெளிச்சம் படும் கன்னத்துக்கும் நடுவே மனுஷன் கோடே போடவில்லை, இரண்டும் ஒரே நிறத்தில் கலந்து கிடக்கின்றன, அங்கே மூக்கு இருக்கிறது என்று நமக்குத் தெரிவதால் நாமாகவே ஒரு கோட்டைப் பார்த்துக்கொள்கிறோம். தோடும் அப்படித்தான். மேலே கெட்டியாக ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே வெள்ளைக் காலரின் மங்கலான பிரதிபலிப்பு, காதில் மாட்டும் கொக்கி கூடக் கிடையாது. நான் அதை கோலிக்குண்டு மாதிரி வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

பின்னணிக்குக் கறுப்பை அப்பினேன். 2018இல் அந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து ஆராய்ந்ததில், அங்கே முதலில் பச்சைத் திரை இருந்ததும் அந்தப் பச்சை நாளடைவில் மாறிப்போனதும் தெரியவந்தது என்று பிறகுதான் படித்தேன். அதாவது நான் நகலெடுத்ததில் பாதி வெர்மீர், பாதி முந்நூற்றைம்பது வருட வயசு.

ஒரு எச்சரிக்கை. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருக்க வேண்டும். நான் கன்னத்தில் தலைகீழாகச் செய்தேன், சில மாதத்தில் வெடிப்பு விட்டுவிட்டது.

மீதிப் பாதி என்னவென்றால், நகல் முடிந்த தைரியத்தில் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்தேன். அரை மணிக்கொருமுறை வெளிச்சம் மாறுகிறது, அம்மா அடுப்பில் என்ன வைத்தோம் என்று எழுந்து போகிறார். ஆளை எங்கே உட்காரவைப்பது, எந்தப் பக்கம் திரும்பச் சொல்வது, இதையெல்லாம் வெர்மீர் எனக்கு முன்பே முடிவு செய்து கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. படம் அம்மா மாதிரி இல்லை. ஆனால் மூக்குக்குக் கோடு போடவில்லை.