வீராவிடம் யாராவது கேட்டீர்களா?

அடைமழை பிடித்துவிட்டால் கால்நடை மருத்துவரான எனக்கு வரும் கடிதங்களின் தினுசே மாறிவிடும். கோடை முழுக்க உண்ணியும் முடி கொட்டுவதும்தான். ஐப்பசி பிறந்ததும், ‘வாசலில் ஒரு நாய்க்குட்டி நனைந்துகொண்டு நின்றது டாக்டர், மனசு கேட்கவில்லை, தூக்கி வந்துவிட்டோம்’ என்று ஆரம்பிக்கும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்ற சேதி மட்டும் கடைசி வரியில் வரும். நான் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பது.

எங்கள் வீரா வெள்ளை ராஜபாளையம். ஆண், 8 வயது, பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் தனியாகக் கிடக்கிறான். அவனுக்குத் துணையாக, வண்டியில் அடிபட்டுக் காப்பகத்தில் தேறிவரும் 2 வயதுப் பெண் நாயைத் தத்தெடுக்கலாம் என்று நினைக்கிறோம். கருத்தடை செய்திருக்கிறார்கள். மாமியார், ‘ஒன்றே போதும்’ என்கிறார். என்ன செய்யலாம்?
*வாசகி, விருதுநகர்*

உங்கள் மாமியாருக்குப் பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக்குக் கிளம்பும்போது பழைய செல்போன் ஒன்றை ஜன்னலில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டுப் போங்கள். எட்டு வயது நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கித்தான் கழிக்கும். நீங்கள் போனதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிலைப்படி ஓரம் சுருண்டுவிட்டான் என்றால் அது தனிமை இல்லை, தூக்கம். கதவைப் பிராண்டிக்கொண்டு, எச்சில் ஒழுக, குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான் என்றால் அவன் ஏங்குவது உங்களுக்காக. அதற்கு இன்னொரு நாய் மருந்தாகாது. மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம்: காப்பகத்தில் அந்தப் பெண் நாயைப் பார்த்தீர்கள், உங்களுக்குப் பிடித்துப் போயிற்று. அப்படியென்றால் அப்படியே சொல்லுங்கள், அதில் தப்பே இல்லை. வீராவின் பெயரைச் சொல்லிக் கூட்டி வந்தால், நாளைக்கு அவன் அதோடு ஒட்டாதபோது ‘உனக்காகத்தானே கொண்டுவந்தோம்’ என்று அவன் மேல் கோபம் வரும். அவனிடம் யார் கேட்டார்கள்?

அடுத்தது காது. வெள்ளை உடம்புக்கும் ரோஸ் மூக்குக்கும் ஆசைப்பட்டுத்தான் ராஜபாளையத்தை நாம் தேர்ந்தெடுத்து வளர்த்தோம். நிறம் தரும் செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் பட்டுப்போகும். ‘சொன்ன பேச்சே கேட்காது’ என்று என்னிடம் பிடித்து வந்த வெள்ளை நாய்களில் சிலதுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை.

தனியாக இருக்கும்வரை வீராவுக்கு இது பெரிய குறை இல்லை. இரண்டாவது நாய் வந்தால் சங்கதி வேறு. நாய் எடுத்த எடுப்பிலேயே கடிப்பதில்லை. முதலில் உடம்பு விறைக்கும், அப்புறம் உறுமும், அதற்கும் அடங்காவிட்டால்தான் பல். அடிபட்டு, வலியோடு, காப்பகத்தில் பத்து நாய்க்கு நடுவே சோற்றுக்கு முந்திப் பழகியது அது. தட்டுக்கு மேல் குனிந்தபடி உறுமும். வீரா பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பான். ‘சொல்லியாயிற்று, கேட்கவில்லை’ என்பது அதன் கணக்கு. இருவர் மேலும் குற்றமில்லை, ஆனால் தையல் போட வேண்டி வரும்.

அதனால் சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்திவிட்டு. முதல் வாரம் மட்டும் இல்லை, எப்போதுமே. எலும்பு கொடுக்கும் வழக்கம் இருந்தால் இத்தோடு விட்டுவிடுங்கள்.

வீராவின் படுக்கையை மூலையில் போடுங்கள், புதுசு எதிர்ப்பக்கமிருந்து மட்டும் வரும்படி. காது கேளாத நாய் திடுக்கிட்டு எழுந்தால், தொட்டது யார் என்று பார்க்கும் முன்னே வாய் போய்விடும். அவனை எழுப்பக் காலால் தரையைத் தட்டுவீர்கள் என்று நினைக்கிறேன்; சிமென்ட் தரையில் அதிர்வு அவ்வளவாகப் போகாது. மூக்குக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள், வாசனையிலேயே விழித்துக்கொள்வான். புது நாயின் கழுத்தில் ஒரு சலங்கை கட்டுங்கள். அவனுக்குக் கேட்காதே என்பீர்கள். உங்களுக்குக் கேட்கும் அல்லவா, அது எந்த அறையில் இருக்கிறது என்று!

முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். விடிகாலையில், இருவருமே புழங்காத ஒரு தெருவில், ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, பத்தடி தள்ளி ஒரே திசையில் நடங்கள். முகத்துக்கு முகம் நிறுத்தி ‘ஹலோ சொல்லு’ என்பதெல்லாம் மனுஷ வழக்கம். பட்டையை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. கை இறுகினால் நாயும் இறுகும். இருபது நிமிஷம் நடந்து, இரண்டும் மண்ணை மோப்பம் பிடிக்க ஆரம்பித்த பிறகு ஒன்றாகவே வீட்டுக்குள் போங்கள். வீராவின் பந்து, தட்டு, பழைய கோணி எல்லாவற்றையும் அதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். காப்பகத்தில் எக்ஸ்ரே கேட்டு வாங்குங்கள், அடிபட்டதில் எலும்பு முறிந்திருந்தால் கூடிவிட்டதா என்று தெரிய வேண்டும். வலி இருக்கிற நாயின் குணத்தை நம்பி முடிவெடுக்க முடியாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் என் இடது கையில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கால்நடை மருந்தகத்தில் விட்டுப்போன ஒரு பெண் நாயை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வீட்டில் வயதான கோம்பை நாய் ஒன்று இருந்தது. கால்நடை மருத்துவர் என்ற மிதப்பு வேறு. கொல்லையில் இரண்டு தட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தேன், ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. கறிக்குழம்பு ஊற்றின சோறு. சண்டை மூண்டதும், பாடத்தில் படித்ததையெல்லாம் மறந்து நடுவில் கையைவிட்டேன். மோதிர விரலுக்குக் கீழே நாலு தையல். கடித்தது புதுசில்லை, எங்கள் கோம்பை. நடுவில் கைவிடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே தள்ளுங்கள்.

மீறிக் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட சொந்த நாயே ஆனாலும், குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையானால் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள். தசையில் போட்டால் 14-ஆம் நாளும் சேரும். நடுவில் ஒன்றையும் விடக்கூடாது.

சரி, மாமியாருக்கு மீதி மதிப்பெண்? வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்களே போடுங்கள். ஆண், பெண், இரண்டுக்கும் கருத்தடை என்றால் ஒத்துப்போக வாய்ப்பு நன்றாகவே உண்டு. வீராவுக்கும் ஆகிவிட்டதா என்று எழுதவில்லையே. இரண்டும் பெண்ணாக இருந்திருந்தால் நானும் உங்கள் மாமியார் பக்கம்தான். நான் தைத்ததிலேயே மோசமான காயங்கள் ஒரே வீட்டுப் பெண் நாய்கள் போட்டுக்கொண்டவை.

நேற்று மழையில் ஒரு குட்டியைத் தூக்கி வந்தோம். இரண்டு மாதம் இருக்கும். உடம்பெல்லாம் சொறி. வீட்டில் 4 வயது லாப்ரடார் இருக்கிறது, தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறோம். இரண்டும் இப்போதே ஒட்டிக்கொண்டன! அபார்ட்மென்ட் சங்கத்தில்தான் முறைக்கிறார்கள்.
*வாசகர், தாம்பரம்*

ஒட்டிக்கொண்டதைப் பிரித்து வையுங்கள். இன்றைக்கே. 14 நாளைக்குக் குட்டி தனி அறையில், இல்லாவிட்டால் இரண்டாவது பாத்ரூமில். அதற்கென்று தனித் தட்டு, தனித் துண்டு, உங்களுக்குத் தனிச் செருப்பு. குட்டிகளைக் கொல்லும் கிருமி நோய்களில் பார்வோ பெரும்பாலும் ஒரு வாரத்தில் தலைகாட்டிவிடும். டிஸ்டெம்பர் இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேலே பதுங்கியிருக்கும். உங்கள் லாப்ரடாருக்கு ஆபத்து குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலுக்கு மசியாது. தரையைக் கழுவித் துடைத்துவிட்டு, பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து 10 நிமிஷம் ஊறவிட வேண்டும்.

குட்டி வாந்தி எடுத்தாலோ, ரத்தமாகப் போனாலோ மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம். நீர் வற்றியே போய்ச் சேர்ந்துவிடும்.

குளிப்பாட்டாதீர்கள். துண்டால் துவட்டி, கோணிக்குமேல் பழைய வேட்டியை மடித்துப் போட்டுக் கதகதப்பாக வையுங்கள், போதும். சொறிக்கு வண்டி ஆயில் தடவச் சொல்லி யாராவது வருவார்கள். பழைய இன்ஜின் ஆயில் அப்பிக் கொண்டுவந்த குட்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். சொறியைவிட ஆயில்தான் தோலை வேக வைத்திருக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எந்த வகைச் சொறி என்று தெரிந்துவிடும். ஒரு வகை நாய்க்கு நாய் பரவும், உங்கள் கையிலும் அரிக்கும். இன்னொரு வகை அப்படிப் பரவாது.

குட்டிக்குத் தடுப்பூசி இப்போது ஆரம்பித்து, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, நாலு மாதம் ஆகும்வரை போடுவார்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். அதற்குள் வீட்டுக் குழந்தைகளைப் பல்லால் கீறிவிட்டால், ‘குட்டிதானே’ என்று விடாதீர்கள். மேலே விருதுநகர் வாசகிக்குச் சொன்னது அப்படியே உங்களுக்கும்.

சங்கத்துக்காரர்கள் முறைக்கலாம், தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் அது. உங்கள் உள்ளாட்சியில் உரிமம், மைக்ரோசிப் விதிகள் என்ன என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டில் நாயைக் கூட்டிப் போகும்போது கையில் ஒரு பழைய பேப்பரும் இருக்கட்டும். பாதி முறைப்பு அதிலேயே குறைந்துவிடும்.

எங்கள் வீட்டில் 5 வயதுப் பூனை. இப்போது காது நுனியில் வெட்டு உள்ள ஒரு தெருநாயை எடுத்து வளர்க்க ஆசை. முடியுமா? அந்த வெட்டு எதற்கு?
*வாசகி, பாளையங்கோட்டை*

கருத்தடை முடிந்த அடையாளம் அது. ஒரு செலவு உங்களுக்கு மிச்சம்.

பூனைக்கு வேண்டியது உயரம். பீரோவுக்குமேல், பரண்மேல், நாய் எட்டாத ஓர் இடமும் அங்கே போகத் தடையில்லாத வழியும் இருக்கட்டும். ஒரு வாரம் முகம் பார்க்காமல், நாய் படுத்த துண்டைப் பூனைக்கும் பூனை படுத்ததை நாய்க்கும் மாற்றி மாற்றிப் போடுங்கள். அப்புறம் நாயைக் கயிற்றில் பிடித்தபடி தூரத்திலிருந்து காட்டுங்கள். பூனையைக் கண்டதும் நாய் அசையாமல் வெறித்துப் பார்த்தால் கவனம். குரைக்கிற நாயைவிட அதற்குத்தான் நான் பயப்படுவேன். அது இருந்த தெருவில் டீக்கடைக்காரரைக் கேளுங்கள், பூனை துரத்துமா என்று. அவருக்குத் தெரியாதது இருக்காது.

நாயின் முதுகில் விடும் உண்ணி மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது விஷம். லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். பினாயிலும் பூனைக்கு ஆகாது.

நானும் நண்பர்களும் வாடகை அறையில் ஒரு நாட்டு நாய் வளர்க்கிறோம். இரண்டாவதும் எடுக்கலாமா?
*கல்லூரி மாணவர், கோவை*

செமஸ்டர் லீவில் முதலாவது எங்கே போகிறது என்று எழுதுங்கள் தம்பி. பதில் அப்புறம்.

மூன்று மாதம் முன்பு காப்பகத்திலிருந்து ஒரு நாயைக் கொண்டுவந்தோம். அதிலிருந்து எங்கள் பழைய நாய் டாமிக்குப் பொறாமை. சரியாகச் சாப்பிடுவதில்லை, மூலையிலேயே கிடக்கிறது. திருப்பிக் கொடுத்தால் பாவம் என்கிறார்கள்.
*வாசகர், ஈரோடு*

பொறாமை பிடித்த நாய் எதிராளியின் சோற்றையும் சேர்த்துத்தான் தின்னும். டாமியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருக்கிறதா? வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் உண்டா? மூக்கில் ரத்தம் வந்ததா? புது நாய் உண்ணியோடு வந்திருந்தால் இது உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். நாளைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், தட்டணுக்களின் எண்ணிக்கையும் சேர்த்து. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி என்றால் மாத்திரை நாலு வாரம் போகும். இரண்டாம் நாளே எழுந்து சாப்பிடும், உடனே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். நாய்மேல் இருக்கும் உண்ணியைப் பொறுக்கினால் மட்டும் தீராது. வயிறு நிறைந்ததும் இறங்கிப் போய்ச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலும் காலண்டருக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு நாய்க்கும் ஒரே நாளில் உண்ணி மருந்து கொடுக்க வேண்டும்.

ரத்தம் சரியாக இருந்து, டாமி மூலையை விட்டு வர மறுத்தால் மட்டுமே நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். திருப்பிக் கொடுக்கலாம். தெருவில் இறக்கிவிடுவதுதான் பாவம்.

என் கையைத் தைத்த கதையில் வந்த பெண் நாயை நானும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் பார்த்தேன். எங்கள் கோம்பை கொல்லைப் பக்கமே வராமல் திண்ணையில் கிடந்தது. கடைசியில் லாரி எடைமேடை வாட்ச்மேன் ஒருவர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அன்று சாயந்தரமே கோம்பை கொல்லைக்குப் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தன் பழைய பள்ளத்தைத் தோண்டிப் படுத்துக்கொண்டது. மற்றதை மருந்தகத்துக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். எடைமேடையின் இரும்புத் தகட்டுக்குப் பக்கத்து நிழலில், லாரி ஏறி இறங்கினாலும் அசையாமல், கால் நீட்டிப் படுத்திருக்கும். ஜன்னல் வழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தேன். ஒரு காதை மட்டும் திருப்பியது.