ஊசிமுனைக் கேள்விகள்: அணியும் கலை

கேள்வி: ஒட்டுத்துணிகளுக்கு அடியில் பஞ்சு விரிப்பு வைத்து, குயில்ட் தையல் ஓட்டி ஒரு கோட் தைத்தேன். பேட்டர்ன் அளவுப்படியே வெட்டியும் மார்பில் பிடிக்கிறது. அளவு எங்கே போனது?

பதில்: தையலுக்குள் போனது. ஒவ்வொரு குயில்ட் வரியும் துணியைக் கொஞ்சம் உள்ளிழுக்கும். வரிகள் நெருங்கினால் இழுப்பும் கூடும். பஞ்சின் கனம் உட்சுற்றளவையும் குறைத்துவிடும். அதனால் வெட்டுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் சுற்றிலும் 4 செ.மீ. கூடுதலாக விட்டுக் குயில்ட் செய்து, நீராவி இஸ்திரி போட்டு ஆறிய பிறகே பேட்டர்னை வையுங்கள். வெட்டும் கோட்டுக்கு 5 மி.மீ. உள்ளே ஒரு தையல் ஓட்டிவிட்டு வெட்டினால் வரிகள் பிரியாது. பஞ்சுக்குப் பதில் ஃபிளானல் என்ற மெத்தென்ற துணியை வைத்தால் உடம்பில் நன்றாகப் படியும். பஞ்சு வைத்த கோட்டுகள் பல மெத்தையைச் சுற்றிக்கொண்ட மாதிரிதான் இருக்கும்.

தைத்துவிட்டதைக் காப்பாற்ற வழி உண்டு. பக்கத் தையலைப் பிரித்து, இரு பக்கமும் 6 செ.மீ. அகலப் பட்டை சேருங்கள். தையலுக்கு ஓரத்துக்கு 1 செ.மீ. போக, சுற்றளவில் 8 செ.மீ. கிடைக்கும். வேறு நிறத்தில் துணிச்சலாகச் சேருங்கள். ஒளித்து வைக்கப் பார்த்தால்தான் ஒட்டு என்று தெரியும்.

கேள்வி: பல அடுக்குத் துணியைத் தைத்துக் கீறி, பூம்பஞ்சு போல எழுப்பும் முறையில் எனக்கு வெறும் நூல் பிசிறுதான் மிஞ்சியது. ஏன்?

பதில்: நேர் இழையில் கீறியிருப்பீர்கள். நேர் இழையில் கீறினால், கீறலுக்கு இணையாக ஓடும் நூல்கள் முழுசாக உருவிக்கொண்டு வரும். இழைக்கு 45 டிகிரி கிராஸாகக் கீறினால் ஓரம் சுருண்டு எழும்பும், உதிராது.

அடியில் நெருக்கமாக நெய்த பருத்தி ஒன்று, அதன்மேல் தளர்ந்த நெசவுப் பருத்தி அல்லது ரேயான் நான்கு. மொத்தம் 5 அடுக்கு போதும். பாலியஸ்டர் எழும்பாது. அடுக்குகளை ஊக்கு குத்தி, நடுவில் முதல் கிராஸ் வரியைத் தையுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் 1 செ.மீ. இடைவெளியில், ஒரு வரி மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என மாற்றி மாற்றி ஓட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே திசையில் ஓட்டினால் துணி கோணிவிடும். தையல் நீளம் 2 மி.மீ. தையல் வரிகளுக்கு நடுவே கீறும்போது அடித்துணிக்கு மேலே ஒரு மெல்லிய அட்டைப் பட்டையை நுழைத்து, அதன்மேல் உள்ள நான்கை மட்டும் வெட்டுங்கள். பிறகு துவைத்து உலர்த்தினால் எழும்பும். நிற வரிசையை முதலில் ஒரு சாண் துண்டில் சோதியுங்கள். மேல் துணியின் நிறம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே தெரியும், இரண்டாவதும் மூன்றாவதும்தான் பேசும்.

கேள்வி: தண்ணீரில் கரையும் ஃபிலிமில் நூலோவியம் தைத்தேன். அலசியதும் பூக்கள் தனித்தனியே கழன்றுவிட்டன.

பதில்: கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளவில்லை. முதலில் 1 செ.மீ. கட்டம் தைத்து, அதன்மேல் பூவைத் தையுங்கள். ஒவ்வொரு கோடும் குறைந்தது இரண்டு இடத்தில் வேறு கோட்டைக் கடக்க வேண்டும். கொஞ்சம் விறைப்பு வேண்டுமென்றால், ஃபிலிம் சிறிது மிஞ்சும்படி அரைகுறையாக அலசுங்கள்.

கேள்வி: உடையையே கலைப்படைப்பாக்கும் இதெல்லாம் சமீபத்து மோகமா?

பதில்: இல்லை. ஆடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபோர்ச்சுனி 1907 வாக்கில் வெனிஸில் உருவாக்கிய நுண்மடிப்புப் பட்டு ‘டெல்ஃபோஸ்’ கவுன் இன்றும் வியப்புதான். மடிப்பு குலையாமலிருக்க அதை முறுக்கிச் சுருட்டி வைப்பார்கள். ஓவியர் சோனியா டெலோனே 1913இல் ஓவியத்தின் நிறக் கூறுகளை ஒட்டுத்துணி உடையாக்கினார். நியூசிலாந்தின் நெல்சனில் 1987இல் தொடங்கிய அணியும் கலைப் போட்டி 2005 முதல் வெலிங்டனில் நடக்கிறது.

கேள்வி: மணி கோத்த மேலங்கியின் தோள் தொங்குகிறது.

பதில்: ஹேங்கரில் மாட்டாதீர்கள், விரித்தபடி வையுங்கள். தோள் தையலுக்குள் பருத்தி நாடா வைத்துத் தையுங்கள். தையல் கோட்டிலிருந்து 1.5 செ.மீ. வரை மணி வேண்டாம், ஊசி உடையும். ஐந்தைந்து மணிகளுக்கு ஒரு முடிச்சு போட்டால், நூல் அறுந்தாலும் ஐந்தோடு போகும்.