மன்னிக்க முடியாததால்தான் மனம் ஆறவில்லையா?

கேள்வி: 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் குண்டுவெடிப்பில் அக்காவை இழந்தேன். பூசைக்கு வரச் சொன்னதே நான்தான். இன்றும் கோவில் மணி கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. நித்திரைக் குளிசை இல்லாமல் தூங்க முடிவதில்லை. ‘மன்னித்துவிடு, மனம் ஆறும்’ என்கிறார்கள் உறவினர்கள். எனக்கு ஏன் அந்தப் பக்குவம் வரவில்லை?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, படபடப்புக்கும் பக்குவத்துக்கும் சம்பந்தமே இல்லை. உயிராபத்து வரும்போது, அந்த நேரத்து ஒலியையும் மணத்தையும் மூளை ஆபத்தின் அடையாளமாகப் பதிந்துவைக்கிறது. அதனால் மணி அடித்ததும், நீங்கள் யோசிக்கும் முன்பே உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தில் இப்படித்தான் நடக்கும். துயரமும் ஆறு மாதங்களைத் தாண்டி அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அதையும் சிகிச்சை தேவைப்படும் நிலையாகவே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம். நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதற்குப் பேச்சுச் சிகிச்சை நல்ல பலன் தரும். பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். முதலில் கைபேசியில் மணியோசையை மெதுவாகக் கேட்பது, அப்புறம் துணையோடு கோவிலுக்குப் பக்கத்து ஜம்பட்டா வீதிவரை நடப்பது என்று படிப்படியாகப் போவார்கள். ‘கோவிலுக்குள் போய் நின்றால் பயம் தெளியும்’ என்று யாராவது இப்போதே இழுத்தால் போகாதீர்கள். குளிசையையும் திடீரென்று நிறுத்த வேண்டாம். சில வகைகளை மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

மன்னித்தால்தான் குணமாகும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. வருகிறபோது வரட்டும், வராவிட்டாலும் குற்றமில்லை. பெரிய இழப்புக்குப் பிறகு பிறர் வலி முன்பைவிட நன்றாகப் புரிகிறது என்று பலர் சொல்வது உண்மைதான். ஆனால் அதை யாரும் உங்களிடம் கேட்டு வாங்க முடியாது. அந்தப் புரிதல் வந்தவர்களுக்கும் வலி கூடவேதான் இருக்கிறது.

உங்கள் இரக்கம் இப்போது தேவைப்படுவது உங்களுக்குத்தான். ‘நான்தான் வரச் சொன்னேன்’ என்கிறீர்கள். நீங்கள் இறந்து, அக்கா உயிரோடிருந்து, இதையே அவர் சொல்லி அழுதால் என்ன பதில் சொல்வீர்கள்? அதை ஒரு தாளில், அக்காவுக்கு எழுதுவதுபோல எழுதுங்கள். எழுதியதை உங்கள் பெயரைப் போட்டுச் சத்தமாக வாசியுங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குப் போங்கள். குளிசை அட்டையையும் கொண்டுபோங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், எந்த நேரமானாலும் தேசிய மனநல உதவி எண்ணான 1926ஐ அழையுங்கள்.