எந்தப் பாடம், எந்த வளாகம், ரீச்சர்?

கேள்வி: ரீச்சர், உயர்தரத்தில் புவியியல், பொருளியல், அரசியல் விஞ்ஞானம் மூன்றிலும் சித்தியடைந்திருக்கிறேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் யாழ்ப்பாணத்தை முதலில் போடுவதா, பேராதனையையா? அப்பா பொருளியல் செய்யச் சொல்கிறார், வங்கி வேலை கிடைக்குமாம். எனக்குச் சமூகவியலில் ஆசை.
– வாசகி, புத்தூர்

பதில்: பிள்ளை, புத்தூர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர் நிலாவரைக் கிணற்றை வைத்தே சொல்கிறேன். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் வழியே இறங்கும் மழைத் தண்ணீர், கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். இது புவியியல். வெயிலில் நடக்கவும் படம் வரையவும் பிடிக்க வேண்டும்.

வெங்காயத் தோட்டக்காரர் ஏன் அவ்வளவு இறைக்கிறார்? விளைச்சலுக்கு என்ன விலை, வாட்டர் பம்புக்கு என்ன செலவு என்று கணக்குப் பார்ப்பது பொருளியல். கணிதமும் புள்ளிவிபரவியலும் கட்டாயம் வரும். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குத் தருவதைக் அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்களே, அந்தப் பிணக்கு அரசியல் விஞ்ஞானத்துக்கு உரியது.

இனிச் சமூகவியல். என் சின்ன வயதில் எங்கள் ஊர்க் கிணற்றடியில் சிலர் வாளியைத் தொடக்கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்பார்கள். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த சிநேகிதியின் அம்மாவும் அப்படி நின்றவர். அப்போது எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. ஏன் படவில்லை என்று கேட்க வைக்கும் பாடம் அது.

நான் கூட்டாளிகள் எடுத்தார்கள் என்று புவியியல் எடுத்தவள். முப்பது வருடம் விருப்பத்தோடுதான் படிப்பித்தேன். ஆனாலும் அந்த அம்மாவைப் போன்றவர்களிடம் உட்கார்ந்து கேட்டு ஓர் ஆய்வு எழுதவில்லையே என்ற கவலை இன்றைக்கும் உண்டு. அவர் இப்போது இல்லை.

சரி, வளாகம். சிறப்புப் பாடம் பெரும்பாலும் முதலாம் வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் கிடைக்கும், ஆகவே இன்றைக்கே ஒன்றைக் கட்டிப்பிடிக்கத் தேவையில்லை. சமூகவியல், பொருளியல், புவியியல் மூன்றையும் முதல் வருடத்தில் எடுத்துப் பாருங்கள். 1974இல் தொடங்கிய, திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாண வளாகத்துக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம், ஆய்வுக்கான ஊர்களும் பக்கத்தில். பேராதனையில் விடுதி வாழ்க்கை, சிங்களம் பழகலாம், மலையகத் தோட்டங்களுக்கும் போய்வரலாம். உங்கள் பாடத்தைத் தமிழில் சிறப்புப் பட்டமாகச் செய்ய முடியுமா என்பதை மட்டும் முதலில் கேட்டறியுங்கள். முடியுமென்றால் நான் பேராதனையைத்தான் முதலில் போடச் சொல்வேன். ஊரை விட்டு விலகி நின்றால்தான் ஊர்க் கிணற்றடி கண்ணில் படும்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தப் பாடப் பட்டதாரியும் தோற்றலாம். பொருளியலையும் முதல் வருடத்தில் எடுக்கிறேன் என்றால் அவர் மனமும் ஆறும்.