முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

கே: 1950-களில் வந்த டெல்டா யூனிசா மேசை ரம்பம் ஒன்று வாங்கினேன். பிளேடு மைட்டர் காடிக்கு (மரத்தைத் தள்ளும் மைட்டர் கேஜ் ஓடும் மேசைப் பள்ளம்) இணையாக இல்லை. பிளேடைத் தாங்கிச் சாய்க்கும் டிரனியனின் போல்ட்டுகளை எந்தப் பக்கத்திலிருந்து தளர்த்துவது?

ப: எந்தப் பக்கத்திலிருந்தும் வேண்டாம். அது வேலையிடத்துக்குக் கொண்டுபோகும் இலகுவான கான்ட்ராக்டர் ரம்பத்துக்குச் செய்யும் வைத்தியம். அதில் டிரனியன் மேசையின் அடியில் தொங்கும். 1939-இல் டெல்டா கொண்டுவந்த யூனிசாவில் டிரனியன் இரும்புப் பெட்டியோடு பூட்டியிருக்கிறது, மேசை தனி. அதனால் நகர வேண்டியது மேசைதான். அதைப் பெட்டியோடு பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றை லேசான இறுக்கத்தில் விட்டு, மற்றவற்றைத் தளர்த்துங்கள். விளிம்பில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் செல்லமாகத் தட்டுங்கள். வார்ப்பிரும்பில் நேரடியாகச் சுத்தியல் படக்கூடாது. இதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

கே: இணையாக இருக்கிறதா என்று அளக்க டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) கட்டாயமா?

ப: இல்லை. மைட்டர் கேஜில் ஒரு குச்சியைக் கட்டி, முனையில் திருகு ஒன்றைப் பொருத்துங்கள். முன்னால் ஒரு பல்லை உரசும் திருகு பின்னாலும் அதே பல்லை அதே மாதிரி உரசினால் போதும். இடைவெளி இருந்தால் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு அளக்கலாம்.

கே: டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். முன் பக்கத்துக்கும் பின் பக்கத்துக்கும் 12 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) வித்தியாசம். சரிசெய்தேன். அடுத்த நாள் 9 தவ், எதிர்த்திசையில்! மேசையை மூன்று முறை கழற்றிவிட்டேன். இயந்திரமே கோணலா?

ப: கோணல் இயந்திரத்தில் இல்லை. எந்தப் பல்லில் அளந்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. முன்னால் ஒரு பல், பின்னால் இன்னொரு பல், இல்லையா? இதை எத்தனை முறை எழுதினாலும் மாதம் இரண்டு பேராவது இப்படித்தான் அளந்துவிட்டு மேசையைக் கழற்றுகிறார்கள். பிளேடு கண்ணாடித் தகடு இல்லை. நல்ல பிளேடிலேயே 4, 5 தவ் நெளிவு இருக்கும். இரண்டு வேறு இடங்களில் தொட்டால் நீங்கள் அளப்பது அந்த நெளிவைத்தான். மறுநாள் பிளேடு வேறு நிலையில் நின்றிருக்கும், எண்ணும் மாறும்.

பிளேடை முழுக்க உயர்த்துங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் அடையாளம் போடுங்கள். அந்தப் பல்லை முன்னால் மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பல்லை ஒட்டிய பிளேடுத் தகட்டைத் தொடும்படி கேஜை வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். பிறகு பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய், கேஜையும் நகர்த்தி அளங்கள். அதே பல்! சுற்றும்போது பிளேடைப் பக்கவாட்டில் தள்ள வேண்டாம். பெல்ட்டைப் பிடித்துச் சுற்றுவது நல்லது. மைட்டர் கேஜின் பட்டை காடியில் ஆடினால், எப்போதும் ஒரே சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள். 3 தவ்வுக்குள் வந்தால் நிறுத்திவிடலாம். 5 வரை நான் சண்டை போடமாட்டேன். மரத்துக்கு அதற்குமேல் துல்லியம் எதற்கு? ஒரு சாதாரணத் தாளின் கனமே 4 தவ்.

இன்னொன்று, ஆர்பர் ஃபிளாஞ்சை, அதாவது பிளேடு ஒட்டி அமரும் அச்சின் வட்டத் தட்டை, துடைத்தீர்களா? நானும் ஒரு ஞாயிறு முழுக்க மேசையைத் தட்டிவிட்டு, மாலையில்தான் ஃபிளாஞ்சில் ஒட்டியிருந்த பிசின் துணுக்கைப் பார்த்தேன். அந்த மடத்தனத்தை நான் ஏற்கெனவே செய்துவிட்டதால் நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

கே: நேராக அறுக்கும்போது சுத்தமாக வருகிறது. 45 டிகிரி சாய்த்தால் மரம் கருகுகிறது.

ப: நல்ல கேள்வி. பிளேடு சாயும் அச்சு மேசைப் பரப்புக்கு இணையாக இல்லை. சாய்த்த நிலையிலும் அதே பல்லை முன்னும் பின்னும் அளங்கள். மேசையின் முன் போல்ட்டுகளுக்கு அடியில் ஷிம், அதாவது மெல்லிய பித்தளைத் தகடு, வைத்துப் பாருங்கள். நிலைமை மோசமானால் ஷிம்மை எடுத்துப் பின் போல்ட்டுகளுக்கு மாற்றுங்கள். அப்புறம் 90-இல் மறுபடி அளக்க வேண்டும், அதில் சோம்பல் கூடாது. சாய்வை 45 டிகிரியில் நிறுத்தும் ஸ்டாப்பில் மரத்தூள் கெட்டியாகியிருக்கும், அதையும் சுரண்டிவிடுங்கள்.

கே: பலகையை நேராக வழிநடத்தும் ஃபென்ஸைப் பிளேடைப் பார்த்து வைக்கலாமா?

ப: கூடாது. காடியைப் பார்த்து பிளேடு, காடியைப் பார்த்து ஃபென்ஸ். பின் முனை 2 தவ் விலகியிருந்தால் பாதகமில்லை. உள்ளே சாய்ந்தால் பலகை உங்கள் மேல் பாயும்.

கே: ரம்பம் சத்தம் போடுகிறது. என்ன செய்ய?

ப: எந்த ரம்பம், எப்போது, எந்த மாதிரி சத்தம்? எழுதுங்கள் ஐயா. வெறும் ஊகமாகச் சொன்னால், பல வருஷம் சும்மா கிடந்த யூனிசாவில் பெல்ட்டுகள் வளைந்தபடியே இறுகி, தடதடவென்று ஆடும். மாற்றினால் மூன்றையும் சேர்த்து ஒரே செட்டாக மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

கே: அளவு சரியாக வருகிறது. போல்ட்டை இறுக்கினால் மேசை பழைய இடத்துக்கே போய்விடுகிறது.

ப: கேஜை எடுக்காமல், ஒவ்வொரு போல்ட்டாகச் சிறிது சிறிதாகச் சுற்றி வந்து இறுக்குங்கள். அப்படியும் நகர்ந்தால் போல்ட்டைக் கழற்றி வாஷரைப் பாருங்கள். பல வருஷ அழுத்தத்தில் குழிந்து போயிருக்கும். போல்ட் அந்தக் குழிக்கே இழுக்கிறது. தடிமனான புது வாஷர் போடுங்கள்.