உறுதிமொழி வெறும் கனவா? நாட்டுப்பற்று குறித்த கேள்வி பதில்

சிங்கப்பூர்த் தேசிய தினத்தையொட்டி, பள்ளிகளில் சொல்லும் தேசிய உறுதிமொழி, அரசமைப்புச் சட்டம், நாட்டுப்பற்று பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒரு வேண்டுகோள்: வாட்ஸ்அப்பில் சுற்றும் துணுக்குகளை ஆதாரமாகக் கொண்டுவராதீர்கள்.

செங்காங்கிலிருந்து ஓர் அம்மா: உறுதிமொழியை எழுதியது முதல் பிரதமர் லீ குவான் யூ என்று என் மகளிடம் சொல்லிவிட்டேன். சரிதானே ஐயா?

இல்லையம்மா. எழுதியவர் சி. ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915ல் பிறந்து, சிரம்பானில் வளர்ந்து, பத்திரிகையாளராகப் பெயர் எடுத்து, நம் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனவர். பள்ளிப் பிள்ளைகள் சொல்ல ஓர் உறுதிமொழி வேண்டும் என்று கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் கேட்க, 1966 பிப்ரவரியில் ராஜரத்தினம் எழுதித் தந்தார். லீ குவான் யூ அதைச் செப்பனிட்டார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 24 முதல் பள்ளிகளில் ஒலிக்கிறது.

எந்தச் சூழலில் எழுதினார் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். 1964 ஜூலை இனக் கலவரத்தில் 23 பேர், செப்டம்பரில் 13 பேர் இறந்திருந்தார்கள். அடுத்த ஆண்டே மலேசியாவிலிருந்து பிரிந்தோம். அண்டை வீட்டாரைப் பார்த்து அஞ்சிய நினைவு ஆறாத மக்களிடம்தான் இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றாக நிற்போம் என்று சொல்லச் சொன்னார். இன்று காலை வரிசையில் தூக்கக் கலக்கத்தோடு சொல்லும் வரிகளுக்குப் பின்னால் அந்த ரத்தம் இருக்கிறது.

ஈசூன் வாசகர்: சன்னலில் கொடியை எதுவரை தொங்கவிடலாம்?

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை கொடிமரம் இல்லாமல் தொங்கவிடலாம். கிழிந்து, அழுக்கேறிப் பறக்கவிடாதீர்கள்.

பொங்கோல் வாசகர்: தஞ்சாவூரில் பிறந்தவன். சென்ற ஆண்டு சிங்கப்பூர்க் குடிமகன் ஆனேன். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்த அன்று அப்பா பேசவே இல்லை. நான் செய்தது துரோகமா சார்?

துரோகம் இல்லை தம்பி. நம் இரு நாடுகளுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பெற முடியும். அந்த வலி உங்களுக்கு முன்பே பலர் பட்டது.

பாடாங் திடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி அங்கேதான் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றார். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராத ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். 1957ல் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணி, பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழர்களை விடாமல் தூண்டினார். 1966 ஆகஸ்ட் 9 அன்று முதல் தேசிய தின அணிவகுப்பு நடந்ததும் அதே பாடாங்கில்தான். முன்பு டில்லியை நோக்கி நின்றவர்களில் சிலராவது அன்று சிங்கப்பூர்க் கொடிக்கு எழுந்து நின்றிருப்பார்கள். அவர்களை யாரும் துரோகி என்று சொன்னதில்லை. அப்பாவை ஒருமுறை அந்தத் திடலுக்கு அழைத்துப் போய் இதைச் சொல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: அம்மா நிரந்தரவாசி. குடியுரிமைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். அது என் துறை அல்ல.

ஜூரோங் வாசகர்: சமத்துவம் என்கிறீர்கள். அது நிஜமல்ல, வெறும் விருப்பம்தான் என்று லீ குவான் யூவே நாடாளுமன்றத்தில் சொன்னாரே?

சொன்னார். முழுக்கதையையும் பார்ப்போம். 2009 ஆகஸ்ட்டில் நியமன எம்.பி. விஸ்வா சதாசிவன், உறுதிமொழியின் கொள்கைகளை நாடாளுமன்றம் மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். லீ எழுந்து பதில் சொன்னார். எல்லா இனமும் சமமாகவே நடத்தப்படுகின்றன என்று எண்ணுவது தவறு, அது நம் விருப்பமே தவிர இன்றைய நிலை அல்ல என்றார். அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவைக் காட்டினார். சிறுபான்மையினரின் நலன் பேணுவதும், மண்ணின் மக்களான மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையை ஏற்பதும் அரசாங்கத்தின் கடமை என்கிறது அந்தப் பிரிவு. எல்லாரும் சமம் என்று எழுதிவைத்தும் அதை எட்ட நெடுங்காலம் எடுத்த அமெரிக்காவையும் எடுத்துக்காட்டினார்.

நிலைமையைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் அமெரிக்க உதாரணம் மறுபக்கமும் பேசும். எல்லாரும் சமம் என்று 1776 சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர்களிலேயே பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1963ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் அந்தப் பிரகடனத்தைக் கடன் பத்திரம் என்றே சொல்லி, தீர்த்துவைக்கக் கேட்டார். கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் கையெழுத்தானது 1965 ஆகஸ்ட் 6, நாம் தனி நாடாவதற்கு மூன்று நாள் முன்பு. எழுதிவைத்ததைக் கேட்க ஆள் இருந்ததால்தான் அது நடந்தது. கனவு என்று ஒதுக்கிவிட்டால் கேட்பதற்கு என்ன மிஞ்சும்?

தெம்பனிஸ் வாசகர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டது. இந்தியனான நான் வீட்டைச் சீனர் அல்லாதவருக்குத்தான் விற்க முடியும். வந்த ஒரே ஆள் அடிமாட்டு விலை கேட்கிறார். கீழ்மாடியில் இருக்கும் சீனருக்கு இந்தச் சிக்கல் இல்லை. இது என்ன சமத்துவம்?

உங்கள் கோபம் நியாயமானது. 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை அரசாங்க அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்துக்கும் விகித வரம்பு வைக்கிறது; ஓர் இனத்தார் ஒரே வட்டாரத்தில் குவிவதைத் தடுக்க வந்தது. என் புளோக்கில் ஒரே மாடியில் நோன்புப் பெருநாளும் தீபாவளியும் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாடே அனுபவிக்கும் ஒற்றுமையின் விலையை, சிறுபான்மை வீட்டுக்காரர் தன் பையிலிருந்து அதிகம் கட்டுகிறார். இந்தச் சிரமத்தை அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. தகுதியுள்ளோரின் வீட்டை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே (வீவக) வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ல் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தீர்களா? இல்லையென்றால் உடனே செய்யுங்கள், உங்கள் எம்.பி.யையும் பாருங்கள்.

ஜூரோங் வாசகர் (மீண்டும்): பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே! 152 இருக்கும்வரை சமத்துவம் பேசுவது வீண்.

இல்லை. 12ஆம் பிரிவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. சட்டத்தின் முன் அனைவரும் சமம். மதம், இனம், வம்சம், பிறப்பிடம் காரணமாகச் சட்டமோ பொதுப் பணி நியமனமோ பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 152 சிறுபான்மையினரைப் பேணச் சொல்கிறதே தவிர, யாரையும் தாழ்த்தச் சொல்லவில்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடிக்காதீர்கள்.

12ஆம் பிரிவு எட்டாத இடங்கள் உண்டு. வாடகை அறை விளம்பரத்தில் "இந்தியர் வேண்டாம், சமையல் கூடாது" என்று போடுகிற தனியாரை அது தொடாது. வேலையிடத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் நியாயச் சட்டத்தை 2025 ஜனவரியில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. உறுதிமொழிக்கும் அதற்கும் இடையே 59 ஆண்டுகள். தாமதம்தான். ஆனாலும் வந்தது.

ஹவ்காங் வாசகர்: தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா?

கூடாது. மலாய் மொழியில் மட்டும்தான்.

உட்லண்ட்ஸ் வாசகர்: கொடியை அக்டோபரிலும் சன்னலில் வைக்கலாமா?

மேலே ஈசூன் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது, இனி பதில் சொல்ல மாட்டேன். அந்தக் கொடியின் ஐந்து நட்சத்திரங்கள் எதைக் குறிக்கின்றன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். 1959 டிசம்பர் 3 அன்று, தனி நாடாகும் முன்பே, அவற்றைக் கொடியில் ஏற்றிவிட்டோம்.

அங் மோ கியோ வாசகர்: ஓட்டுப் போடாவிட்டால் சிறையா? வாட்ஸ்அப்பில் வந்தது.

மறுபடியும் வாட்ஸ்அப்! சிறையெல்லாம் இல்லை. 1959 தேர்தலிலிருந்து வாக்களிப்பு கட்டாயம். தவறினால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தக்க காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டித்தான் திரும்பச் சேர்க்க வேண்டும்.

தேசிய சேவையிலிருக்கும் ஒரு தம்பி: முகாமில் அரசாங்கக் கொள்கை ஒன்றைக் குறை சொன்னேன். நாட்டுப்பற்று இல்லாதவன் என்று நண்பன் சொல்லிவிட்டான். மனசு கேட்கவில்லை அங்கிள்.

அரசாங்கம் வேறு, கட்சி வேறு, நாடு வேறு. வகுப்பில் ஆண்டுதோறும் இதைச் சொல்லியிருக்கிறேன், உனக்கும் சொல்கிறேன். 1965 ஆகஸ்ட் 9 சுதந்திரப் பிரகடனத்தில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. சுதந்திரம், நீதி என்ற கொள்கைகள்மீது நிறுவப்பட்ட ஜனநாயக நாடு, இன்னும் நியாயமான, சமமான சமுதாயத்தில் மக்களின் நலனை என்றும் நாடும் நாடு என்றுதான் இருக்கிறது. அந்தச் சமுதாயம் வந்துவிட்டது என்று அன்று யாரும் சொல்லவில்லை. நாடிக்கொண்டே இருப்போம் என்றார்கள். நாடுகிறவன் குறையைக் கண்டால் சொல்லத்தான் வேண்டும். சீருடையில் இருக்கும்போது எங்கே, எப்படிப் பேசலாம் என்பதற்கு விதி உண்டு, அதை மட்டும் மீறாதே. இரண்டு ஆண்டைக் கொடுத்து இந்த நாட்டுக்குக் காவல் நிற்கிறாய். உன் பற்றுக்கு நண்பனிடம் சான்று வாங்க வேண்டியதில்லை.

ஜூரோங் வாசகர் (மூன்றாம் முறை): 2009 விவாதத்தை முழுதாகப் படிக்க முடியுமா?

முடியும். நாடாளுமன்ற இணையத்தளத்தில் அதிகாரபூர்வப் பதிவு இலவசமாகவே இருக்கிறது. லீயின் உரையோடு நிறுத்திவிடாமல் விஸ்வா சதாசிவனின் உரையையும் படியுங்கள். படித்த பிறகு எழுதுங்கள், தொடர்வோம்.