இங்கிலீஷ் வார்த்தை லிஸ்ட் மனப்பாடம் பண்ணா மறந்துடுது, கிராஸ்வேர்ட், பேய்க்கதை, சினிமா இதெல்லாம் வச்சு கத்துக்க முடியுமா?

ஒரு நாளைக்கு 20 வார்த்தைன்னு லிஸ்ட் போட்டு மூணு மாசம் படிச்சும் பாதி கூட மனசுல நிக்கலன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் அதேதான் நடந்துச்சு. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், காலேஜ் சேர்ந்த பயத்துல செங்கல் மாதிரி ஒரு புக்க வாங்கி 'ஏ'-ல ஆரம்பிச்சேன், 'பி' வர்றதுக்குள்ள 'ஏ' போயிடுச்சு, அபேட், அபெட், அபேஸ் எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி, எது யாருன்னே தெரியாது. அதனால உங்க கேள்விக்கு என் பதில், முடியும், எனக்கு வந்த இங்கிலீஷ்ல முக்காவாசி அப்படி வந்ததுதான், ஆனா அதுல ஒரு ஓட்டையும் இருக்கு, அத அப்புறம் சொல்றேன்.

எங்க பெரியப்பா ரயில்வேல கூட்ஸ் கிளார்க்கா இருந்தவர், படிச்சது எஸ்எஸ்எல்சி. சாயங்காலம் ஆனா இந்து பேப்பர நாலா மடிச்சு வச்சுக்கிட்டு பென்சிலோட கிராஸ்வேர்ட், அதாவது குறுக்கெழுத்துப் புதிர் போட திண்ணையில உக்காந்துருவார், பெரியம்மா காபி வச்சுட்டுப் போனா ஆடை கட்டுற வரைக்கும் பாக்க மாட்டார். ஒரு லீவுக்குப் போனப்ப பக்கத்துல போய் எட்டிப் பாத்தேன். க்ளூல 'ஃப்ளவர்'னு இருந்துச்சு, நான் ரோஸ், லோட்டஸ், ஜாஸ்மின்னு எழுத்து எண்ணிக்கிட்டு இருக்கேன், அவர் 'பூவ விடு, ஆத்தத் தேடு'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. ஃப்ளோ-ன்னா ஓடுறது, கூட 'இ ஆர்' சேத்தா ஓடுறவன், ஸ்பெல்லிங் பூவுக்கு இருக்குற அதே ஸ்பெல்லிங், அப்ப ஃப்ளவர்னா ஆறு, விடை நைல்னு எழுதிட்டுப் போயிட்டே இருக்கார். ஏமாத்து வேலையா இருக்கேன்னு நெனச்சேன். அடுத்த நாள் 'நம்பர்'னு ஒண்ணு, அது எண் இல்ல, நம்ப் ஆக்குறது, அதாவது மரத்துப்போக வைக்கிறது, பல்லு புடுங்க முன்னாடி போடுற ஊசி மாதிரி, விடை ஈத்தர்ங்கிற மயக்க மருந்து. 'நம்ப்'ன்னு ஒரு வார்த்தை இருக்குறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும், இன்னிக்கு வரைக்கும் மறக்கல.

இந்த மாதிரி ஏமாத்துற க்ளூ வர்றதுக்குப் பேர் கிரிப்டிக் கிராஸ்வேர்ட். நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, காளமேகப் புலவர் ஒரே பாட்டுல பாம்பையும் வாழைப்பழத்தையும் சேத்துப் பாடின சிலேடைதான், இங்க கட்டத்துக்குள்ள வருது, அவ்வளவுதான். இங்கிலீஷ்காரங்க ரொம்ப காலமா சொல்லிச் சிரிக்கிற க்ளூ ஒண்ணு இருக்கு, க்ளூவே நாலு எழுத்துதான், ஜி, இ, ஜி, எஸ். விடை 9 எழுத்துல ஒரு வார்த்தை, 4 எழுத்துல ஒரு வார்த்தை. முட்டைக்கு 'எக்ஸ்', இ, ஜி, ஜி, எஸ், அந்த எழுத்து இங்க கலைஞ்சு கிடக்குல்ல, அதனால ஸ்க்ராம்பிள்டு எக்ஸ், நம்ம முட்டைப் பொடிமாஸ். இன்னொண்ணு, ஹெச்-ல ஆரம்பிச்சு ஓ வரைக்கும் எட்டு எழுத்தையும் வரிசையா எழுதி வச்சிருப்பான், விடை அஞ்சு எழுத்து. ஹெச் டு ஓ, கெமிஸ்ட்ரில தண்ணி, வாட்டர். முத தடவ கேட்டப்ப பஸ்ஸுல தனியா சிரிச்சிட்டு வந்தேன்.

கிரிப்டிக்ல 'டாக்டர்'னு வந்தா பல சமயம் வைத்தியர் கிடையாது, பக்கத்துல இருக்குற எழுத்தக் கலைச்சுப் போடுன்னு அர்த்தம், ஏன்னா டாக்டர்ங்கிறதுக்கு வினைச்சொல்லா கோல்மால் பண்றதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. பல வருசம் கழிச்சு டிவி நியூஸ்ல 'டாக்டர்டு வீடியோ'ன்னு வந்தப்ப ரூம்ல எல்லாரும் டாக்டருக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்னு முழிச்சாங்க, நான் மட்டும் பெரியப்பா மாதிரி கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தேன்.

ஆனா உண்மையச் சொல்லிடுறேன், முதல் ஆறு மாசம் நானா ஒரு க்ளூ கூடப் போடல. பெரியப்பா சொன்ன வழி, இன்னிக்கு பேப்பர்ல மல்லுக்கட்டாத, நேத்து க்ளூவையும் இன்னிக்கு வந்த விடையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 'இது ஏன் இது'ன்னு பின்னாடியே போ. கணக்குல விடைய வச்சு ஸ்டெப்ஸ் போடுவோமே அதேதான். அரை மணி நேரம் ஒரு வார்த்தையோட கட்டிப்புரண்டா அது எங்க போகும், கூடவே வந்துரும்.

இப்ப பிள்ளைங்க வேர்டில்னு ஆன்லைன்ல ஒரு வார்த்தை விளையாட்டு ஆடுறாங்க, அஞ்சு எழுத்து வார்த்தைய ஆறு சான்ஸ்ல கண்டுபிடிக்கணும். வார்த்தை கத்துக்க அது சுமார்தான், தெரிஞ்ச வார்த்தையத்தான் தேடிக் கண்டுபிடிக்கிறோம். ஆனாலும் 2022 மே மாசம் ஒரு நாள் 'ஹோமர்'னு விடை வந்துச்சு, அமெரிக்கால பேஸ்பால்ல ஹோம் ரன் அடிக்கிறதுக்கு அப்படிச் சொல்லுவாங்களாம், நம்மள மாதிரி கிரிக்கெட் பாக்குற ஊர்க்காரனுக்கெல்லாம் தலையும் புரியல வாலும் புரியல, எல்லாரும் டிக்ஷ்னரிய தேடி ஓட, கேம்பிரிட்ஜ் டிக்ஷ்னரி அந்த வருசத்து வார்த்தையா அதையே அறிவிச்சிட்டாங்க. அதே 2022-ல அமெரிக்காவோட மெரியம் வெப்ஸ்டர் எடுத்த வார்த்தை 'கேஸ்லைட்டிங்'. அது 1938-ல வந்த ஒரு நாடகத்துல இருந்து வந்தது, 1944-ல இங்ரிட் பெர்க்மன் நடிச்சு படமாவும் வந்துச்சு. புருசன் மேல பரண்ல ரகசியமா விளக்கு ஏத்துவான், அப்பல்லாம் கீழ இருக்குற கேஸ் லைட் மங்கும், பொண்டாட்டி கேட்டா 'அப்படி எதுவுமே இல்ல, உனக்குத்தான் பிரமை'ம்பான், கடைசில அவளே தனக்குப் பைத்தியமோன்னு நம்ப ஆரம்பிச்சிருவா. இந்தக் கதை தெரிஞ்சா டெஃபனிஷன் எதுக்கு? ஒரே வருசத்துல ரெண்டு பெரிய டிக்ஷ்னரி எடுத்த வார்த்தைல ஒண்ணு புதிர்ல இருந்து வந்திருக்கு, ஒண்ணு நாடகம், சினிமால இருந்து வந்திருக்கு, உங்க கேள்விக்கு இதவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியல.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச ஏரியாவுக்கு வரேன், சாமி, கிரகம், பேய். இதுல தமிழ்க்காரங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, நம்ம வீட்டு காலண்டர்தான் அது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, எல்லாம் கிரகம். இங்கிலீஷ் கிழமையும் அதே வரிசைதான், நடுவுல நாலு நாளைக்கு மட்டும் ரோமன் சாமிக்குப் பதிலா அவங்க பழைய ஜெர்மானிய சாமிய உக்கார வச்சிட்டாங்க. செவ்வாய்க்கு டிவ், புதனுக்கு வோடன், வெள்ளிக்கு ஃப்ரிக், வியாழனுக்கு தோர், ஆமா மார்வெல் படத்துல சுத்தியல் தூக்கிட்டு வர்ற அதே தோர், தர்ஸ்டேன்னா தோரோட நாள். வெட்னஸ்டேல வாய்ல வராத அந்த 'டி' எதுக்கு இருக்குன்னு சின்ன வயசுல அடி வாங்கிருக்கேன், வோடன் பேர்ல இருக்குற 'டி' அதுன்னு அப்ப யாராவது சொல்லியிருந்தா ஸ்பெல்லிங் தப்பே வந்திருக்காது.

சரி, கிழமையில இருந்து ஜாதகத்துக்கு வாங்க. ஐரோப்பாலயும் அந்தக் காலத்துல நம்மள மாதிரியே கிரகத்த வச்சுத்தான் ஆளோட குணத்தச் சொல்லிருக்காங்க. சனிங்கிற சாட்டர்ன்ல இருந்து 'சாட்டர்னைன்', உம்முன்னு இருக்குற ஆளு, சனி புடிச்ச மாதிரி மூஞ்சின்னு நம்ம சொல்றோமே அதேதான். வியாழன் ஜூபிடர், அவருக்கு இன்னொரு பேர் ஜோவ், அதுல இருந்து 'ஜோவியல்', கலகலன்னு இருக்குறவன், குரு பார்வை பட்டவன்னு வச்சுக்கோங்க. புதன் மெர்க்குரி, அதுல இருந்து 'மெர்க்குரியல்', இப்ப சிரிப்பான் இப்ப மொறைப்பான், பாதரசத்த உள்ளங்கைல வச்ச மாதிரி நிக்காம ஓடுற மனசு. சந்திரன் லூனா, அதுல இருந்து 'லூனட்டிக்', பைத்தியம், நம்ம ஜோசியர் சந்திரன மனோகாரகன்னு சொல்லுவார்ல. செவ்வாய் மார்ஸ், போர் சாமி, அதுல இருந்து 'மார்ஷியல்', மார்ஷியல் ஆர்ட்ஸ், மார்ஷியல் லா. இதுல ஒரு கூத்து இருக்கு, கல்யாண வாழ்க்கை சம்பந்தப்பட்டதுக்கு இங்கிலீஷ்ல 'மேரிட்டல்', அதுக்கும் மார்ஷியலுக்கும் ஸ்பெல்லிங்ல அதே ஏழு எழுத்துதான், நடுவுல 'ஐ'யும் 'டி'யும் இடம் மாறும், அவ்வளவுதான். செவ்வாய் ஒரு கட்டம் தள்ளி உக்காந்ததுக்கே பொண்ணுக்குக் கல்யாணம் நிக்குற ஊர்ல பொறந்தவனுக்கு இந்த ரெண்டும் ஜென்மத்துக்கும் குழம்பாது. கிளையண்ட்டுக்குப் போன ஒரு ஃபார்ம்ல 'மார்ஷியல் ஸ்டேட்டஸ்'னு அடிச்சு அனுப்பின ஆள எனக்குத் தெரியும், அவர் எழுதினதும் தப்பில்லன்னு அவர் வீட்டுக்குப் போய்வந்தவங்க சொல்லுவாங்க.

பேரழிவுன்னு சொல்ற 'டிசாஸ்டர்' கூட அந்த வழில வந்ததுதான், உள்ள 'ஆஸ்ட்ரோ' இருக்கு பாருங்க, கெட்ட நட்சத்திரம், நேரம் சரியில்ல. 'இன்ஃப்ளூயன்சா' இத்தாலி வார்த்தை, நட்சத்திரத்தோட இன்ஃப்ளூயன்ஸ்னாலதான் காய்ச்சல் பரவுதுன்னு நம்பின காலத்துல வச்ச பேர்.

பேய் விசயத்துக்கு வந்தா, 'நைட்மேர்'னா ராத்திரிக் குதிரைன்னு நான் ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன், ஏன்னா மேர்னா பெட்டைக் குதிரை. அது வேற மேர். பழைய இங்கிலீஷ்ல தூங்குறவன் நெஞ்சு மேல ஏறி உக்காந்து மூச்ச அமுக்குற ஒரு ஆவிக்கு அந்தப் பேரு. நம்ம அமுக்குவான் பேய்! ராத்திரி முழிப்பு வரும், கை கால் அசைக்க முடியாது, நெஞ்சுல யாரோ உக்காந்திருப்பாங்க, காலைல பாட்டி திருநீறு பூசி விடும், அதேதான். ஃப்யூசெலின்னு ஒரு ஓவியர் 1781-ல வரைஞ்ச படம் இருக்கு, ஒரு பொம்பள மேல குட்டிச்சாத்தான் மாதிரி ஒண்ணு குந்தியிருக்கும், பின்னாடி திரைக்குள்ள இருந்து ஒரு குதிரைத் தலையும் எட்டிப்பாக்கும், ரெண்டு மேரையும் சேத்து வரைஞ்சிட்டாரு. அதே மாதிரி 'வில் ஓ த விஸ்ப்', சதுப்பு நிலத்துல ராத்திரி அலையிற வெளிச்சம், கிட்டப் போனா நழுவிரும், நம்ம ஊர் கொள்ளிவாய்ப் பிசாசு. கைக்கு எட்டாத ஆசைய விரட்டுறதுக்கும் இப்ப அந்த வார்த்தையச் சொல்றாங்க.

ஒரு எச்சரிக்கை, கதை நல்லா இருக்குன்னு எல்லாத்தையும் நம்பிடாதீங்க. ஒசத்தி, பணக்காரத்தனம்னு அர்த்தம் வர்ற 'போஷ்'ங்கிற வார்த்தை இந்தியாவுக்கு வந்துபோன கப்பல்ல வெயில் படாத பக்கம் ரூம் எடுத்த பணக்காரங்க டிக்கெட்ல இருந்த நாலு எழுத்துன்னு ஒரு கதை சுத்துது, கேக்க ஜோரா இருக்கும், ஆனா அப்படி ஒரு டிக்கெட்ட எவனும் கண்டதில்ல. நம்ம வாட்சப் மாமாக்களும் இதுல சளைச்சவங்க இல்ல, இங்கிலீஷே தமிழ்ல இருந்து வந்ததுன்னு காலைல குட் மார்னிங்கோட அனுப்புவாங்க. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி இந்த மூணும் கேட்டமரான், செரூட், மல்லிகடானின்னு போனது நிஜம், குருந்தம் கல்லு கொரண்டம் ஆனதும் நிஜம், அதுவே போதும் பெருமைக்கு.

சினிமா, டிவி பத்தி சுருக்கமாச் சொல்றேன். சின்ன வயசுல டிவில வர்ற டபிள்யூ டபிள்யூ எஃப் மல்யுத்த வீரங்க படம் போட்ட ட்ரம்ப் கார்டு ஆடுவோம், செஸ்ட், பைசெப்ஸ், ரேங்க் எல்லாம் உடம்புல எங்க இருக்குன்னு கூடத் தெரியாமலே கத்துவோம், ரேங்க்கும் ஏதோ உறுப்புன்னு எங்க தெரு நம்புச்சு. அதுல ஒரு வீரர் பேர் அண்டர்டேக்கர், அப்படின்னா எதையோ தூக்கிட்டுப் போறவன்னு ஒருத்தன் சொல்லி வச்சான். அது பொணத்துக்குக் காரியம் ஏற்பாடு பண்றவன்னு அப்புறம் தெரிஞ்சப்பதான் அவர் ஏன் கருப்பு கோட்டு, சவப்பெட்டியோட வந்தார்னு விளங்குச்சு. பேங்க்ல லோன் வாங்கப் போனப்ப 'அண்டர்டேக்கிங்', அதாவது உறுதிமொழி எழுதிக் குடுங்கன்னதும் ஒரு செகண்ட் அவர் மேடைக்கு வர்றப்ப அடிக்கிற அந்த மணி சத்தம் கேட்டுச்சு எனக்கு. சப்டைட்டில் போட்டு இங்கிலீஷ் படம் பாக்குறது நல்லதுதான், ஆனா தமிழ் சப்டைட்டில் வேண்டாம், இங்கிலீஷுக்கு இங்கிலீஷே போடுங்க.

அந்த ஓட்டை என்னன்னா, நைஜல் ரிச்சர்ட்ஸ்னு நியூசிலாந்துக்காரர் ஒருத்தர், எழுத்துக் கட்டைய அடுக்கி வார்த்தை சேக்குற ஸ்க்ராபிள் விளையாட்டுல, 2015-ல பிரெஞ்சு உலக சாம்பியன் ஆனார். அவருக்கு பிரெஞ்சு பேச வராது! டிக்ஷ்னரிய சில வாரத்துல அப்படியே மண்டைல ஏத்திட்டு வந்து ஜெயிச்சார், 2024-ல ஸ்பானிஷ்லயும் அதையே செஞ்சார். பாரிஸ்ல போய் ஒரு காபி கேக்க அந்த வார்த்தையெல்லாம் உதவியிருக்காது. எனக்கும் ஏறக்குறைய அந்த நிலைமைதான், சாட்டர்னைன் தெரியும், ஆனா முதல் இன்டர்வியூல 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'னு கேட்டப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு. பேசுறதுக்கு பேசித்தான் ஆகணும், புதிர் அதுக்கு ஆகாது. புதிர்லயும் கதைலயும் கிடைக்கிறது படிக்கிறப்ப புரியுற இங்கிலீஷ், அடுத்தவன் எழுதின நக்கல் புரியுற இங்கிலீஷ்.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா கிரிப்டிக்ல குதிக்காம குயிக் கிராஸ்வேர்ட்னு நேரடியா அர்த்தம் கேக்குறதுல ரெண்டு மாசம் ஓட்டுங்க. புது வார்த்தைக்கு டெஃபனிஷன் எழுதாதீங்க, அது எந்தக் க்ளூல, எந்தப் படத்துல, எந்தப் பேய் கூட வந்துச்சோ அத ஒரு வரி எழுதுங்க, தமிழ்லயே எழுதலாம். அதுக்கு நோட்டு வாங்குறப்ப கணக்கு நோட்டா, கட்டம் போட்டதா வாங்குங்க, நான் முதல்ல கோடு போட்ட நோட்டு வாங்கிட்டு ஸ்கேல் வச்சு கட்டம் போட்டே பாதி லீவு போச்சு.